சேஷகிரி மாமாவின் இரண்டு பெட்டிகள்

சேஷகிரி மாமாவை எங்கேயாவது கூட்டிக்கொண்டு போவதென்றால், அந்த வீட்டில் டிவி எந்த அறையில் இருக்கிறது என்று முதலில் விசாரித்துக்கொள்வது நல்லது. கிரகப்பிரவேசத்துக்குப் போனால் சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டார். ஹாலில் புதிதாக மாட்டியிருக்கும் டிவியின் முன்னால் போய் நின்று, "சிவப்பு வழியறது, பாத்தேளா? உதட்டத் தாண்டி வெளில வரது," என்பார். வீட்டுக்காரரின் முகம் தொங்கிப்போகும். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட ஒருமுறை ரிமோட்டைக் கேட்டு வாங்கி, காண்ட்ராஸ்டைக் குறைத்துவிட்டுத்தான் எழுந்து வந்தார். அவர் மனைவி ரமா மாமி கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வார்டு டிவியில் பச்சை அதிகம் என்று நர்ஸைக் கூப்பிட்டுச் சொன்னவர் இவர். மாமி கண்ணைத் திறக்காமலே, "அவர் அப்படித்தாம்மா, நீ போய் வேலயப் பாரு," என்றாள்.

காரணம் இல்லாமல் இல்லை. ஜாலஹள்ளிப் பக்கம் ஓர் அரசாங்கத் தொழிற்சாலையில் டிவி பிக்சர் டியூப்களைப் பரிசோதிக்கும் கடைசி மேஜை அவருடையது. ரிட்டயர் ஆகும்வரை அதே மேஜை. ஒவ்வொரு டியூபாக எரியவிட்டுப் பார்த்து, நல்லது, நல்லதில்லை என்று சொல்வதுதான் வேலை. மேலதிகாரி வந்து பக்கத்தில் நின்றாலும், வருஷக் கடைசி அவசரம் என்றாலும், நல்லதில்லை என்றால் நல்லதில்லைதான். மற்ற விஷயங்களில் மாமா ஒன்றும் அரிச்சந்திரன் இல்லை. சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு, காந்தி பஜாரில் மைசூர்பாகு வாங்கித் தின்றுவிட்டு, என்னிடம் நடக்கப் போனேன் என்பார். ஆனால் படம் என்று வந்துவிட்டால் அவர் வாயில் பொய் வராது. வராதது எவ்வளவு பெரிய தொல்லை என்று கடைசியில் நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

நான் அவருக்கு எதிர் ஃபிளாட். பனசங்கரியில் மூன்றாவது மாடி. இன்சூரன்ஸ் கம்பெனி ஒன்றில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே. கரண்ட் போனால் என் வேலை நின்றுவிடும் என்பதால் பெரிய இன்வர்ட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். "உங்காத்துல ரெண்டே பேர், வித்யா. நீயும் உன் இன்வர்ட்டரும்," என்று மாமா கேலி செய்வார். தன் வீட்டில் அவர் அதை வைக்கமாட்டார். அந்தக் கரண்ட் சுத்தமில்லையாம், படத்தில் கோடு விழுமாம். எத்தனையோ தடவை சண்டை போட்டுப் பார்த்துவிட்டேன்.

மாமாவின் ஒரே பிள்ளை ரோஹன், கனடாவில் கால்கரியில் இருக்கிறான். மாமி போய் ஒரு வருஷம் ஆனபோது வருஷாப்திகத்துக்கு வந்தவன், ஊருக்குத் திரும்புவதற்குள் தன் பழைய அறையைக் காலி பண்ணி, சுவருக்குச் சுவர் ஒரு வெள்ளைத் திரை மாட்டி, கூரையில் புரொஜெக்டர் பொருத்தி, அதோடு இணைக்க ஒரு கம்ப்யூட்டரையும் தன் கையாலேயே திருகித் திருகிக் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். மாமா சேர்த்து வைத்திருக்கும் டிவிடிகள், பழைய கிரிக்கெட் ஆட்டங்கள், பாட்டுக் கச்சேரிகள், குடும்ப வீடியோக்கள் எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டர் வாங்கிச் சுவர் முழுக்கப் பெரிதாகக் காட்டும். தனியாக இருக்கும் அப்பா சினிமாவாவது பார்க்கட்டும் என்று அவன் நினைத்தான். நல்ல பிள்ளைதான். அவனைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை.

கம்ப்யூட்டர் என்றால் தெரியுமே. ஒரு வாரம் ஒழுங்காக ஓடும், அடுத்த வாரம் அப்டேட் ஒன்று வந்து உட்காரும், சத்தம் போய்விடும். சத்தம் வந்தால் படம் திக்கித் திக்கி நகரும். ஞாயிற்றுக்கிழமை காலையில், அதாவது அங்கே சனிக்கிழமை ராத்திரியில், ரோஹன் போன் செய்வான்.

"ஏனாயித்துப்பா? என்ன ஆச்சு?"

"சத்தம் வரலடா கண்ணா."

"சரி, தொடாதே. நான் உள்ள வரேன்."

உள்ளே வருவது என்றால், கால்கரியில் தன் வீட்டில் உட்கார்ந்தபடியே இங்கே இருக்கும் கம்ப்யூட்டருக்குள் இன்டர்நெட் வழியாக நுழைவது. நான் முதல் தடவை பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. அறையில் மாமாவும் நானும் மட்டும். மௌஸை யாரும் தொடவில்லை. சுவர் அளவுத் திரையில் அந்த வெள்ளை அம்பு மட்டும் தானாக நகர்ந்து, ஒரு மூலையில் தட்டி, ஒரு ஜன்னலைத் திறந்து, யோசித்து, மூடி, வேறொன்றைத் திறந்தது. மாமா அந்த அம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அது எந்தப் பக்கம் போனாலும் அவர் தலையும் கூடவே திரும்பியது. "பாரு, இங்க வந்து நிக்கறான் பாரு. இப்ப யோசிக்கறான். சின்ன வயசுலயும் இப்படித்தான், கணக்குப் போடறச்சே பென்சில அப்படியே தூக்கிப் பிடிச்சுண்டு நிப்பான்," என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

எதையாவது புதிதாக ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் விசேஷம். திரையில் ஒரு பச்சைக் கோடு மெல்ல மெல்ல நீளும். அது முடியும்வரை இரண்டு பக்கமும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. அப்போதுதான் பேச்சு வரும். சாப்பிட்டாயா, பனி விழுகிறதா, சஹானாவுக்கு வேலை எப்படி, முதுகு வலி தேவலையா. சஹானா ரோஹனின் மனைவி. அவளும் நடுவில் வந்து, "மாமா, ஹேகித்தீரா?" என்று கன்னடத்தில் நலம் கேட்டுவிட்டுப் போவாள். வெறுமனே போன் செய்தால் மாமாவுக்கும் ரோஹனுக்கும் பேச வராது. இரண்டு பேரும் இன்ஜினீயர்கள். கையில் ஒரு ரிப்பேர் இல்லாவிட்டால் அவர்களுக்கு நாக்கு எழும்பாது. பச்சைக் கோடு பாதியில் நின்றுவிட்டால் ரோஹன் அலுத்துக்கொள்வான். மாமாவுக்கு மட்டும் அன்றைக்குக் காப்பி இன்னொரு டம்ளர் இறங்கும்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இட்லி மாவு கொடுக்கப் போனேன். கதவு திறந்தே இருந்தது. மாமா அந்த அறையில் கம்ப்யூட்டருக்குப் பின்னால் தரையில் மண்டியிட்டு ஒரு வயரை உருவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று, தூசி தட்டினேன் என்றார். துணியைக் காணோம். மறுநாள் காலையில் எதிர் வீட்டிலிருந்து, "சத்தம் வரலடா கண்ணா," என்று கேட்டது. சத்தம் வரவில்லை என்பது உண்மைதானே? மாமாவின் சத்தியம் அந்த அளவுக்கு நெகிழும். நான் சிரித்துக்கொண்டேன். மாவுப் பாத்திரத்தைத் திரும்ப வாங்கப் போனபோதும் ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் ரோஹன் முட்டாள் இல்லை. சில வாரங்களில் கண்டுபிடித்துவிட்டான், பாதியைத்தான். வயர் கழன்றிருக்கிறது என்பது தெரிந்தது. யார் கழற்றியது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது, கால் தட்டிக் கழன்றுவிடுகிறது, தடுக்கி விழுந்தால் என்ன ஆவது என்று பயந்துவிட்டான்.

"அப்பா, இந்தக் கம்ப்யூட்டர் உனக்கு ஒத்து வராது. வாராவாரம் நீ கஷ்டப்படற. வீடியோ ப்ராசஸர்னு தனியா ஒரு பெட்டி வரது. அதுக்கு வேற ஒரு வேலையும் இல்ல, படத்த மட்டும் சரி பண்ணும். பழைய டிவிடி படத்த வாங்கி, கோடு, புள்ளி, நடுக்கம் எல்லாத்தையும் எடுத்துட்டு, பெரிய திரைக்குத் தகுந்த மாதிரி ஆக்கி அனுப்பும். அப்டேட் இல்ல, வைரஸ் இல்ல. ஸ்விட்சப் போட்டா படம். அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா?" என்று மாமா கேட்டார். குரல் இறங்கியிருந்ததை நான் கவனித்தேன். அவனுக்கு அங்கே கேட்டிருக்காது.

அதற்கப்புறம் மூன்று நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் வாக்குவாதம்தான். கம்ப்யூட்டர் எல்லா வகை ஃபைலையும் படிக்கும், பெட்டி படிக்குமா என்பார் மாமா. ஒரு சின்ன ப்ளேயரைச் சேர்த்தால் படிக்கும் என்பான் ரோஹன். கம்ப்யூட்டரில் நாளைக்குப் புதிதாக ஒன்று வந்தால் ஏற்றிக்கொள்ளலாம் என்பார். உனக்கு எதற்குப்பா நாளைக்குப் புதிதாக, என்பான் அவன். ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து எங்கெங்கோ படித்து, கடினமான ஆங்கில வார்த்தைகளை எல்லாம் பிடித்து வந்து மாமா வாதாடினார். ஒவ்வொன்றுக்கும் பிள்ளையிடம் பதில் இருந்தது. நியாயமான பதில். மாமாவே இரண்டு தடவை, "அது சரிதான், ஒத்துக்கறேன்," என்றார். கம்ப்யூட்டர் இருந்தால்தான் நீ உள்ளே வருகிறாய் என்ற ஒரே ஒரு காரணம்தான் அவரிடம் இருந்தது. அது எந்தப் புத்தகத்திலும் இல்லாத காரணம். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "மாமா, அவன் கிட்ட நேராச் சொல்லுங்கோளேன். இல்லன்னா நான் சொல்றேன்," என்றேன்.

கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம்மா. சொன்னா செய்வான். வாராவாரம் தவறாம உள்ள வருவான். கடமைக்கு வருவான். அது எனக்கு வேண்டாம். நீ சொல்லமாட்டேன்னு சொல்லு."

சொல்லமாட்டேன் என்றேன். என்ன செய்வது, கையை விடமாட்டேன் என்கிறாரே.

கடைசியில் ரோஹன் ஒரு வழி கண்டுபிடித்தான். ஆடுகோடியில் ஃபிராங்க்ளின் என்று ஒருவர், வீடுகளுக்கு ஹோம் தியேட்டர் மாட்டிக் கொடுக்கிறவர், புரொஜெக்டரையும் அவர்தான் கொடுத்தார். அவரிடம் பெட்டியை ஒருநாள் கடனாக வாங்கி வைத்துப் பார்ப்பது. ஒரே வீடியோவைக் கம்ப்யூட்டர் வழியாக ஒருமுறை, பெட்டி வழியாக ஒருமுறை போடுவது. எது எதென்று அப்பாவிடம் சொல்லக் கூடாது. "உன் ஃபேக்டரில நீ பண்ணின மாதிரியேப்பா. ஏ ஒண்ணு, பி ஒண்ணு. பாத்துட்டு எது நன்னாருக்குன்னு நீயே சொல்லு. நீ ஏ சொன்னாலும் சரி, பி சொன்னாலும் சரி, அதையே வெச்சுக்கலாம். அப்பறம் நான் பேசவே மாட்டேன்."

மாமாவால் இதற்கு மறுப்புச் சொல்ல முடியுமா? கண்ணை நம்பு, பெயரை நம்பாதே என்று அந்தப் பையனைச் சின்ன வயதிலிருந்து படுத்தி எடுத்தவரே இவர்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிராங்க்ளின் வந்தார். கறுப்பாக, தட்டையாக, ஒரு விளக்கு மட்டும் எரியும் பெட்டி. மேஜையில் வைத்து வயர்களைச் செருகிக்கொண்டே சொன்னார், "சார், நா சொன்னா நம்ப மாட்டீங்க. கம்ப்யூட்டர் மாட்டினவன்லாம் டெய்லி எனக்கு போன் பண்ணி உசுர எடுக்கறான். இந்தப் பொட்டி வாங்கினவன் ஒருத்தன்கூட எனக்குத் திருப்பி போன் பண்ணதே இல்ல சார். வெச்சா வெச்சதுதான்."

"அப்படியா," என்றார் மாமா.

ஃபிராங்க்ளினுக்கு வேறொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. மத்தியானம் வந்து பார்க்கிறேன் என்று கிளம்பினார். படத்தை மாற்றிப் போடும் ரிமோட் என் கைக்கு வந்தது. மாற்றும்போது திரையின் மூலையில் எந்த வழி என்று எழுத்து வரும் என்பதால், அப்போதெல்லாம் மாமா கண்ணை மூடிக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. புத்தக அலமாரியில் சாய்த்து வைத்த போனில் ரோஹன் முகம் காட்டிக்கொண்டிருந்தான். அவன் பக்கம் மாமாவின் முகம்தான் தெரியும், நான் தெரியமாட்டேன்.

அவன் போனில் வருவதற்கு முன்பே, சமையலறையில் வைத்து மாமாவின் காதில் போட்டுவிட்டேன். "ஏ-ன்னா கம்ப்யூட்டர். மொதல்ல கம்ப்யூட்டரத்தான் போடப் போறேன். ஏ-ன்னு சொல்லிட்டு நிம்மதியா இருங்கோ."

அவருக்கு வந்ததே கோபம்! "நீ படிச்சவதானே? அதச் சொன்னா டெஸ்ட் கெட்டுப் போயிடாதா? மாத்தி வெச்சுக்கோ. என் கிட்ட சொல்லாதே." உள்ளே போய்விட்டார். நானும் வீம்புக்கு மாற்றவில்லை.

போட்ட வீடியோ ரோஹனின் பூணூல் கல்யாணம். கேசட்டில் எடுத்ததை என்றைக்கோ சிவாஜிநகரில் ஒரு கடையில் கொடுத்து டிவிடியாக மாற்றியது. வருஷத்துக்கு நாலு தடவை மாமா அதைப் பார்ப்பார். ஹோமம் நடக்கிறது. மொட்டைத் தலையும் சிவந்த பட்டுமாக ஏழு வயது ரோஹன் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில், தலை முழுக்கக் கறுப்பு முடியோடு மாமா. வாத்தியார் மந்திரம் சொல்லச் சொல்ல நெய்யை விடுகிறார்.

ஏ. கம்ப்யூட்டர். எனக்கு நன்றாகத்தான் இருந்தது. புகை நகரும்போது ஓரங்கள் சீப்பு சீப்பாக உடைந்தன, மொட்டைத் தலையின் விளிம்பு கொஞ்சம் நடுங்கியது, அவ்வளவுதான். நான் பெரிதாக ஒரு தடவை இருமினேன். மாமா திரும்பிப் பார்த்தார். இதுதான் என்று கண் ஜாடை காட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கண்ண மூடிக்கோங்கோ மாமா."

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார், குழந்தை மாதிரி. நான் மாற்றினேன்.

பி.

எனக்கு இந்த விஷயமெல்லாம் புரியாது. ஆனாலும் தெரிந்தது. பட்டின் ஜரிகை தனித்தனியாகத் தெரிந்தது. நெருப்பு நெருப்பாக இருந்தது. புகை அந்தப் பையனின் முகத்தைத் தாண்டிப் போனபோது முகம் கலங்காமல் அப்படியே நின்றது. மாமா நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். உள்ளங்கைகளை முழங்காலில் ஊன்றிக்கொண்டு பார்த்தார். அந்த அறையில் நானும் இல்லை, போனில் முப்பது தாண்டிய ரோஹனும் இல்லை என்பது போல இருந்தார்.

"எதுப்பா?" என்று போன் கேட்டது.

மாமா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அப்பா? ஏ-யா, பி-யா?"

"பி-ய இன்னொரு தரம் போடு வித்யா."

போட்டேன். நடுவில் இன்னொரு தடவை இருமினேன், தொண்டை வலிக்கும் அளவுக்கு. மாமா என்னைப் பார்க்கவே இல்லை. எதைச் சொன்னால் என்ன ஆகும் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரியும். ஒரே எழுத்து. ஏ என்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைகள் அவருடையவை. யார் வந்து சரிபார்க்கப் போகிறார்கள்?

"பி," என்றார்.

"ஷ்யூராப்பா?"

"சந்தேகமே இல்ல. பி-தான். ஏ-ல விளிம்பு ஒடையறது. பி சுத்தமா இருக்கு."

ரோஹன் கையைத் தட்டிச் சிரித்தான். "பாத்தியா! பி என்ன தெரியுமா... வித்யாக்கா, பி எது?"

"பெட்டி," என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"சொன்னேனேப்பா! இனிமே உனக்கு ஒரு தொல்லையும் இல்ல. நிம்மதியா பாரு." அவன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அப்பாவுக்கு ஏதோ பெரிதாகச் செய்துவிட்டோம் என்ற சந்தோஷம். அதைப் பார்த்தபோது அவன் மேல் கோபப்படவும் எனக்கு வழியில்லை.

போன் வைத்த பிறகு கோபத்தையெல்லாம் மாமாவிடம் காட்டினேன். "ஏன் மாமா? ஒரு தடவ, ஒரே ஒரு தடவ பொய் சொன்னா ஒங்க தலையா போயிடும்? யாருக்கு நஷ்டம்?"

மாமா திரையைக் காட்டினார். பையனின் முகத்தில் படம் நின்றிருந்தது. "பாரு. கண்ணுல தண்ணி. அந்தப் புகைல அழுதுண்டு உக்காந்திருக்கான். இத்தன வருஷமா பாக்கறேன், இது தெரிஞ்சதே இல்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருக்கேன் பாரு, நெய்யயும் வாத்தியாரயும் பாத்துண்டு. அன்னிக்கும் பாக்கல. இப்பதான் பாக்கறேன். இதப் பாத்துட்டு எப்படிம்மா ஏ-ன்னு சொல்றது?"

நான் என் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பெட்டி வந்து மேஜையில் நிரந்தரமாக உட்கார்ந்தது. அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கம்ப்யூட்டரில் இருந்த போட்டோக்களை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுவதற்காக ரோஹன் கடைசியாக ஒருமுறை உள்ளே வந்தான். அம்பு ஓடியாடி வேலை செய்தது. பச்சைக் கோடு நகர ஆரம்பித்தது. மாமா காப்பியோடு தயாராக உட்கார்ந்தார். முதுகு வலியைப் பற்றி அவன் கேட்க ஆரம்பித்த சமயம், அங்கே சஹானா ஏதோ கூப்பிட்டாள். "ஒரு நிமிஷம்ப்பா, வந்துடறேன்," என்று போனை வைத்தான். பச்சைக் கோடு முடிந்தது. அன்றைக்கு அவன் வரவில்லை. மறுநாள் மெசேஜ் வந்தது: போட்டோ எல்லாம் மாற்றியாயிற்று, எல்லாம் சரி, இனிமேல் கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணிவிடலாம்.

பெட்டி ஃபிராங்க்ளின் சொன்னது போலவே நடந்துகொண்டது. ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "நன்னா ஓடறதாப்பா?" "ஓடறது." "ப்ராப்ளம் ஒண்ணும் இல்லையே?" "ஒண்ணும் இல்ல." அதற்கு மேல் இரண்டு பேருக்கும் ஒன்றும் கிடைக்காது. மாமா வானிலையைச் சொல்வார், அவன் வானிலையைச் சொல்வான். பிறகு போன் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் ஆயிற்று. அதற்கும் பிறகு கட்டை விரலைத் தூக்கிக் காட்டும் ஒரு படம் மட்டும் வரும். மாமாவும் திருப்பி ஒரு கட்டை விரலை அனுப்புவார். என்னிடம் குறையாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. படம் எப்படி மாமா என்று கேட்டால், "அப்பழுக்கு சொல்ல முடியாது," என்பார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எதிர் வீட்டில் அப்படி ஒரு அமைதி இருக்கும், என் வீட்டு ஃப்ரிட்ஜ் ஓடுவது எனக்குக் கேட்கும்.

மே மாதம் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை. எங்கள் தெருமுனையில் குல்மோஹர் மரம் ஒன்று முறிந்து வயர்கள் மேல் விழுந்தது. கரண்ட் போய்விட்டது. ஆட்கள் வந்து மரத்தை வெட்டி எடுத்த பிறகுதான் வரும் என்று வாட்ச்மேன் வந்து சொன்னான். என் வீட்டில் இன்வர்ட்டர் இருப்பதால் விளக்கு எரிந்தது. எதிர் வீட்டிலிருந்து விட்டுவிட்டு 'பீப்... பீப்...' என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் அது வேகமாயிற்று.

போய்ப் பார்த்தேன். ஹால் இருட்டு. உள்ளே அந்த அறையில், போன் வெளிச்சத்தை மடியில் வைத்துக்கொண்டு மாமா தரையில் உட்கார்ந்திருந்தார். முன்னால் ஒரு யூபிஎஸ், அந்தச் சின்ன பேட்டரிப் பெட்டி, சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருந்தது.

"என்ன மாமா இது? எதுக்கு யூபிஎஸ்? பெட்டிக்கா?"

"பெட்டிக்கு எதுக்கு? அது எப்ப கரண்ட் வந்தாலும் தானா ஓடும்." கையால் காட்டினார். யூபிஎஸ்ஸிலிருந்து போன வயர் மேஜைக்கு அடியில், பழைய கம்ப்யூட்டரில் செருகியிருந்தது. அது ஓடிக்கொண்டிருந்தது. யாரும் பயன்படுத்தாத கம்ப்யூட்டர். வீட்டில் விளக்கு இல்லை, ஃபேன் இல்லை, அது மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது.

"இத ஆஃப் பண்ணச் சொன்னானே ரோஹன்?"

"சொன்னான்."

"பின்ன?"

மாமா போன் வெளிச்சத்தை மேஜைக்கு அடியில் திருப்பினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "அன்னிக்கு ஒரு நிமிஷம்னுட்டுப் போனானே, அப்ப அம்ப எங்க விட்டுட்டுப் போனானோ அங்கயேதான் இருக்கு. வலப்பக்கம், கடிகாரத்துக்குக் கொஞ்சம் மேல. நான் மௌஸத் தொடவே இல்ல. எப்பவாவது புரொஜெக்டரப் போட்டுப் பாப்பேன். ஆஃப் ஆனா அம்பு நடுவுல போய் நின்னுடும். அது அவன் வெச்ச எடம் இல்ல."

கம்ப்யூட்டருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். இன்டர்நெட் வயர் கழற்றித் தரையில் கிடந்தது. "இதயும் கழட்டிட்டேளே மாமா. இது இல்லாம அவன் எப்படி உள்ள வருவான்?"

"அது இருந்தா அப்டேட் வரும்மா. தானா ரீஸ்டார்ட் ஆயிடும்." பிறகு, ரொம்ப சாதாரணமாக, "அவன் வரமாட்டான். எல்லாம் நன்னா ஓடறதே, எதுக்கு வரணும்?" என்றார்.

யூபிஎஸ் நிறுத்தாமல் கத்த ஆரம்பித்தது. யாரைத் திட்டுவது என்று தெரியாததால் யாரையும் திட்டவில்லை. என் வீட்டுக்கு ஓடினேன். எக்ஸ்டென்ஷன் வயரை இன்வர்ட்டர் பிளக்கில் செருகி, வாசலைத் தாண்டி, மாடி வராந்தாவைத் தாண்டி, அவர் ஹால் வழியாக அந்த அறைவரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தேன். மாமா அந்தக் கரண்ட் சுத்தமா என்று கேட்கவில்லை. அவரே யூபிஎஸ்ஸின் பிளக்கைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். செருகினேன். பீப் சத்தம் நின்றது.

எழுந்திருக்க மேஜையைப் பிடித்தேன்.

"பாத்து, பாத்து," என்றார் மாமா. "மௌஸ் மேல கை படாம எழுந்துக்கோம்மா."